பத்திரம் ஒன்று, பாஷை இரண்டு

நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில் 'தெ பாப்பா' என்றொரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் சேகரிப்பில் ஒரு வெண்கல மணி. உடைந்த மணி. ஒரு சாண் உயரம்கூடக் கிடையாது. ஆனால் அதன் மேல் சுற்றிலும் எழுத்துகள் இருக்கின்றன. என்ன எழுத்து தெரியுமா? தமிழ்!

நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் நிஜம். 'முகையதீன் பக்ஸ் கப்பலுடைய மணி' என்று படித்துச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊர்க் கப்பல், யார் கொண்டு போனது, பூமிப்பந்தின் அந்தக் கடைக்கோடிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நாம் அதற்குள் போகவேண்டாம்.

நமக்கு வேண்டியது அந்த மணியைக் கண்டெடுத்த ஆள். வில்லியம் கொலன்ஸோ. சுமார் 1836ம் ஆண்டு வடக்குத் தீவில் ஃபாங்காரெய் பக்கம் போயிருந்தபோது, மாவோரிப் பெண்கள் அந்த மணியைக் கவிழ்த்து அடுப்பில் ஏற்றி உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார் அவர். 'ஒரு இரும்புச் சட்டி தருகிறேன், அதைக் கொடுத்துவிடுங்கள்' என்று பேசி வாங்கிக்கொண்டார். அவர்களுக்கும் சந்தோஷம், இவருக்கும் சந்தோஷம்.

கொலன்ஸோ ஒரு அச்சுக்காரர். இங்கிலாந்து மிஷனரிகள் பைஹியாவில் வைத்திருந்த அச்சகத்தை நடத்தியவர். மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து அச்சடித்தவர். அந்த மொழியின் ஒவ்வொரு சொல்லும் அவர் விரல் வழியாகப் போயிருக்கிறது. அப்படிப்பட்ட ஆள், மணி கிடைத்த நாலாவது வருஷம், பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியத்தின் பிரதிநிதி முன்னால் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். எளிமையான கேள்விதான். ஆனால் 185 வருஷமாக நியூசிலாந்து அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அந்த நாள், பிப்ரவரி 6, 1840. இடம், வைட்டாங்கி.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம். அப்போது நியூசிலாந்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் சுமார் 2,000 பேர்தான். மாவோரிகள் 80,000 பேராவது இருப்பார்கள். இந்தக் கணக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். வந்திருந்த 2,000 பேரில் மிஷனரிகள் கொஞ்சம், வியாபாரிகள் கொஞ்சம், மீதியெல்லாம் திமிங்கில வேட்டைக்காரர்கள், கப்பலிலிருந்து ஓடிவந்த மாலுமிகள், ஆஸ்திரேலியச் சிறையிலிருந்து தப்பியவர்கள். கொரோரரேக்கா என்கிற துறைமுகத்துக்குப் 'பசிபிக்கின் நரகம்' என்றே பட்டப்பெயர். கேட்பாரில்லை. 1833ல் ஜேம்ஸ் பஸ்பி என்பவரைப் பிரிட்டிஷ் அரசு தன் பிரதிநிதியாக அனுப்பி வைத்தது. சிப்பாய் ஒருத்தன்கூடத் தரவில்லை. வெறும் கையோடு அவர் யாரை அடக்குவார்?

இதற்கு நடுவில் லண்டனில் 'நியூசிலாந்து கம்பெனி' என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. மொத்தமாக நிலத்தை வளைத்துப்போட்டு, பிளாட் போட்டு விற்கிற உத்தேசம். 1839ல் கப்பலே அனுப்பிவிட்டார்கள். இன்னொரு பக்கம் பிரெஞ்சுக்காரன் வந்துவிடுவானோ என்கிற பயம். அவசர அவசரமாகக் கேப்டன் வில்லியம் ஹாப்ஸனை அனுப்பியது பிரிட்டன். மாவோரித் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கி, நாட்டை மகாராணி விக்டோரியாவின் பெயருக்கு மாற்றவேண்டும். அதுவும் அவர்கள் சம்மதத்தோடு.

ஜனவரி 29ம் தேதி வந்து இறங்கினார் ஹாப்ஸன். கப்பற்படைக்காரர். சட்டம் படித்தவரல்ல. அவரும் அவருடைய செயலாளரும் பஸ்பியுமாகச் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒப்பந்தத்தை எழுதினார்கள். பிப்ரவரி 4ம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு, அதைக் கொண்டுபோய் ஹென்றி வில்லியம்ஸ் என்கிற மிஷனரியிடம் கொடுத்தார் ஹாப்ஸன். காலை பத்து மணிக்குள் மாவோரியில் வேண்டும்.

ஒரே ராத்திரி! ஒரு தேசத்தின் தலையெழுத்து. வில்லியம்ஸும் அவர் மகன் எட்வர்டும் விளக்கு வைத்துக்கொண்டு எழுதினார்கள்.

ஒப்பந்தம் ஒன்றும் பெரிதில்லை. மூன்றே ஷரத்து. மூன்றாவதில் வில்லங்கம் குறைவு. பிரிட்டிஷ் குடிமக்களுக்குள்ள உரிமைகள் மாவோரிகளுக்கும் உண்டு, அவ்வளவுதான். முதல் இரண்டில்தான் சங்கதி இருக்கிறது.

முதல் ஷரத்து, ஆங்கிலத்தில்: தலைவர்கள் தங்கள் இறையாண்மையின் எல்லா அதிகாரங்களையும் முழுமையாக, நிபந்தனையின்றி ராணிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். மாவோரியில் 'இறையாண்மை' என்ற இடத்தில் வில்லியம்ஸ் போட்ட சொல், 'காவனதங்கா'. இது மாவோரி வேர்ச்சொல்லே இல்லை. கவர்னர் என்பதை மாவோரி நாக்கு 'காவனா' என்று சொல்லும். காவனாவின் வேலை காவனதங்கா. கவர்னர்த்தனம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, காவனா என்றதும் ஒரு மாவோரித் தலைவருக்கு யார் ஞாபகம் வருவார்? அவர் படித்த ஒரே புத்தகம் பைபிள். அதில் வருகிற காவனா, பொந்தியு பிலாத்து. ராஜா அல்ல. ரோமாபுரியில் ராஜா உட்கார்ந்திருக்க, அவர் சார்பில் வந்து நிர்வாகம் பண்ணுகிற அதிகாரி.

இரண்டாவது ஷரத்து, ஆங்கிலத்தில்: தங்கள் நிலம், காடு, மீன்பிடி இடங்கள் ஆகியவற்றை அவர்கள் விரும்பும்வரை தொந்தரவில்லாமல் அனுபவிக்கலாம். அதாவது சொத்துரிமை. மாவோரியில் என்ன இருக்கிறது? 'டினோ ரங்கத்திரதங்கா'. ரங்கத்திரா என்றால் தலைவர். ரங்கத்திரதங்கா தலைமை. டினோ என்றால் முழுக்க முழுக்க. நிலத்தின் மீதும் ஊர்களின் மீதும் தங்களுடைய 'தவோங்கா' அனைத்தின் மீதும் தலைவர்களுக்கு முழுத் தலைமை உண்டு என்று எழுதியிருக்கிறது. தவோங்கா என்றால் பொக்கிஷம். பொருள் மட்டுமல்ல, மொழி, பாரம்பரிய அறிவு எல்லாம் அதில் அடக்கம் என்பார்கள்.

இங்கேயும் பைபிளைப் பாருங்கள். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' ஜெபத்தில் 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்று வருகிறது அல்லவா? அந்த ராஜ்யத்துக்கு மாவோரி மொழிபெயர்ப்பில் இருக்கிற சொல், ரங்கத்திரதங்கா.

ஆக, ஆங்கிலக் காகிதத்தில் ராஜ்யம் ராணிக்கு, சொத்து மாவோரிக்கு. மாவோரிக் காகிதத்தில் கவர்னர் வேலை ராணிக்கு, ராஜ்யம் மாவோரிக்கு. ஒரே ஒப்பந்தம்!

வில்லியம்ஸ் வேண்டுமென்றே செய்தாரா? சரித்திர ஆசிரியர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். ஒரே ராத்திரியில் செய்த வேலை, பாவம், வேறு சொல் கிடைக்கவில்லை என்பது ஒரு கட்சி. 2022ல் நெட் ஃப்ளெட்சர் என்ற ஆய்வாளர் பெரிய புத்தகமே எழுதி, பிரிட்டனின் உத்தேசமே அந்தக் காலத்தில் அவ்வளவுதான், மாவோரிகள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்வதை ஆங்கிலப் பிரதியும் தடுக்கவில்லை என்று வாதாடியிருக்கிறார். எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. 1835ல் இதே பஸ்பி, மாவோரித் தலைவர்கள் 34 பேரைக் கூட்டி ஒரு சுதந்தரப் பிரகடனம் வெளியிட வைத்தார். அதை மாவோரியில் எழுதியதிலும் வில்லியம்ஸுக்குப் பங்குண்டு. அதில் இறையாண்மை அதிகாரத்துக்கு வந்த சொல் 'மனா'. மாவோரிக்கு உயிரைவிடப் பெரிய சொல் அது. காவனதங்கா என்கிற சொல்லும் அந்தப் பிரகடனத்திலேயே இருக்கிறது. ஆனால் எந்த அர்த்தத்தில்? தலைவர்கள் நியமித்து, அவர்கள் சொன்னபடி நடத்தப்படுகிற நிர்வாகம் என்ற அர்த்தத்தில். இரண்டுக்கும் வித்தியாசம் வில்லியம்ஸுக்கு நன்றாகத் தெரியும். 'உங்கள் மனாவை ராணியிடம் கொடுத்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தால் ஒரு கையெழுத்து தேறியிருக்குமா? ம்ஹும். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பந்தம் நடந்தாகவேண்டும் என்று ஆசைப்பட்டவர். அந்த ஆசை அவர் பேனாவைப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 5. பஸ்பியின் வீட்டு முன்னால் கப்பல் பாய்களைக் கட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். ஹாப்ஸன் ஆங்கிலத்தில் படிக்க, வில்லியம்ஸ் மாவோரியில் படித்தார். உடனே கிளம்பியது எதிர்ப்பு. தெ கெமாரா எழுந்தார். எங்கள் நிலமெல்லாம் போயிற்று, மிஷனரிகள் பிடுங்கிக்கொண்டார்கள், கவர்னரே, நீர் திரும்பிப் போய்விடும் என்றார். ரேவா, மோகா என்று அடுத்தடுத்து அதே பாட்டு. நிலைமை கைமீறிப் போகிற நேரத்தில் தாமாத்தி வாக்கா நேனே எழுந்தார். வெள்ளைக்காரன் ஏற்கெனவே வந்துவிட்டான், துப்பாக்கியும் சாராயமும் வந்துவிட்டன, இப்போது போ என்றால் போவானா, ஒழுங்குபடுத்த ஒரு ஆள் வேண்டாமா என்று கேட்டார். காற்று திசை மாறியது.

80,000 பேருக்கு 2,000 பேர் என்ற கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். தங்களைவிட நாற்பது மடங்கு குறைவான ஒரு கூட்டத்திடம் நாட்டையே தூக்கிக் கொடுக்கிறோம் என்று எந்தத் தலைவர் நினைத்திருப்பார்? உங்கள் ஆட்களை அடக்க நீங்களே ஒரு அதிகாரியை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாளே கையெழுத்து. ஹாப்ஸன் எதிர்பார்க்கவில்லை. சாதாரண உடுப்பில் இருந்தவர், கப்பற்படைத் தொப்பியை மட்டும் மாட்டிக்கொண்டு அவசரமாகக் கரைக்கு வந்தார். முதல் ஆளாக ஹோனே ஹெக்கேவைக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில்தான் நம் அச்சுக்காரர் குறுக்கிட்டார்.

'மேன்மை தங்கியவரே, இந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள் இவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா?'

ஹாப்ஸனுக்குச் சங்கடம். என்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டேன், புரியவில்லை என்றால் அது என் தப்பில்லை என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சமாளித்தார். கொலன்ஸோவுக்கு அப்போது 28 வயது. அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்? உட்கார்ந்துவிட்டார். அன்று 40க்கும் மேற்பட்ட தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொருவர் கையையும் குலுக்கி, 'நாம் இப்போது ஒரே மக்கள்' என்று மாவோரியில் சொன்னார் ஹாப்ஸன். ஆளுக்கு இரண்டு கம்பளி, கொஞ்சம் புகையிலை. அதை எடுத்துக் கொடுத்த வேலையும் கொலன்ஸோ தலையிலேயே விழுந்தது. சில நாளில் மாவோரிப் பிரதியை 200 படிகள் அச்சடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

பிறகு பிரதிகள் நாடு முழுக்கச் சுற்றின. சுமார் 540 பேர் கையெழுத்திட்டார்கள். பெண்களும் உண்டு. இதில் ஆங்கிலப் பிரதியில் போட்டவர்கள் வெறும் 39 பேர். மற்ற அத்தனை பேரும் கையெழுத்து வைத்தது மாவோரிப் பிரதியில். வைக்காதவர்களும் உண்டு. வைக்காட்டோவின் தெ வெரோவெரோ மறுத்துவிட்டார். பிற்பாடு 1858ல் மாவோரிகளின் முதல் அரசராக முடிசூட்டப்பட்டவர் அவர். ஹாப்ஸன் எதற்கும் காத்திருக்கவில்லை. கையெழுத்து வேட்டை முடிவதற்குள் மே 21ம் தேதியே நாடு மொத்தமும் ராணிக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டார்.

நான் பி.காம். படித்தபோது மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர். அதில் எங்கள் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க வைத்த பிரிவு ஒன்று உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 13வது பிரிவு. இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அதற்குப் பெயர் சம்மதம். ஒருவர் ஒரு குதிரையை நினைத்து, இன்னொருவர் வேறு குதிரையை நினைத்துத் தலையாட்டினால் அங்கே ஒப்பந்தமே இல்லை. இந்தச் சட்டம் வந்தது 1872ல். எழுதிக் கொடுத்தது அதே பிரிட்டிஷ் அரசு!

அர்த்த வித்தியாசத்தின் விலை என்ன என்று கேட்பீர்கள். இரண்டாவது ஷரத்தில் ஒரு வால் இருந்தது. மாவோரிகள் நிலத்தை விற்பதென்றால் அரசுக்கு மட்டுமே விற்கவேண்டும். மாவோரிப் பிரதியில் இந்த 'மட்டுமே' அழுத்தமாக இல்லை. முதலில் அரசிடம் கேட்கவேண்டும் போலிருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு வாங்குபவன் இருக்கிற சந்தையில் விலையை யார் வைப்பார்? ஆக்லாந்து நகரத்தைப் பாருங்கள். 1840ல் ங்காட்டி ஃபாட்டுவா மக்களிடமிருந்து சுமார் 3,000 ஏக்கர் வாங்கினார்கள். 50 பவுன் ரொக்கம், அதோடு போர்வை, கால்சட்டை, புகையிலை, கோடரி, இரும்புச் சட்டி. ஆம், அதே இரும்புச் சட்டி. அடுத்த வருஷமே அதில் நூறு ஏக்கர்கூடத் தேறாத ஒரு துண்டை ஏலம் போட்டு 24,000 பவுனுக்குமேல் பார்த்தது அரசு. அந்தக் காலனியின் கஜானா நிறைந்தது இப்படித்தான்.

முதலில் விழித்துக்கொண்டது, முதல் கையெழுத்துப் போட்ட ஹோனே ஹெக்கே. கொரோரரேக்கா குன்றின் மேல் பறந்த பிரிட்டிஷ் கொடிக்கம்பத்தை 1844-45ல் நான்கு முறை வெட்டிச் சாய்த்தார். யுத்தம் வந்தது. 1858ல் வெள்ளையர் எண்ணிக்கை மாவோரிகளை முந்திவிட்டது. அதற்குப் பிறகு ஒப்பந்தமாவது, ஒன்றாவது! 1863ல் வைக்காட்டோ மீது படையெடுத்து, 'கலகக்காரர்கள்' என்று சொல்லி 12 லட்சம் ஏக்கரைப் பறிமுதல் செய்தார்கள். அதற்கென்றே ஒரு சட்டம். மீதியைக் கரைக்க 1865ல் ஒரு நில நீதிமன்றம். 1877ல் தலைமை நீதிபதி ப்ரெண்டர்காஸ்ட் ஒரு தீர்ப்பில், வைட்டாங்கி ஒப்பந்தம் சட்டப்படி வெறும் பூஜ்யம் என்று எழுதினார். 1896 கணக்கெடுப்பில் மாவோரிகள் சுமார் 42,000 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். இந்த இனம் அழிந்துகொண்டிருக்கிறது, அமைதியாக வழியனுப்பி வைக்கலாம் என்று படித்தவர்களே பேசினார்கள்.

பத்திரம் என்ன ஆயிற்று? அரசாங்கக் கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்தது. 1908ல் டாக்டர் ஹாக்கன் என்பவர் தேடிப்போய் எடுத்தபோது, தண்ணீர் ஊறி, எலி கடித்து, ஓரமெல்லாம் போயிருந்தது.

அதற்கப்புறம் ரொம்ப காலத்துக்கு அது ஒரு பாடப்புத்தகச் சமாசாரம். கதையைத் திருப்பியது ஒரு கிழவி. ஃபீனா கூப்பர். வயது 79. 1975 செப்டம்பரில், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வடக்குக் கோடியிலிருந்து நடக்க ஆரம்பித்தார். இனி ஒரு ஏக்கர்கூடப் போகக்கூடாது என்பது கோஷம். சுமார் 1,000 கிலோமீட்டர். ஒரு மாதம் கழித்து வெலிங்டன் பார்லிமென்ட் வாசலை அடைந்தபோது பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள். அதே ஆண்டு வைட்டாங்கி ட்ரிப்யூனல் அமைக்கப்பட்டது. 1985ல் அதற்குக் கூடுதல் அதிகாரம் கிடைத்தது. 1840 வரை பின்னால் போய் எந்தப் புகாரையும் விசாரிக்கலாம்.

ஆனால் எந்தப் பிரதியை வைத்து விசாரிப்பது? ஆங்கிலமா, மாவோரியா? இங்கேதான் சட்டம் எழுதியவர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். ஒப்பந்தத்தின் 'வாசகம்' என்று சொல்லாமல் ஒப்பந்தத்தின் 'கோட்பாடுகள்' என்று போட்டுவிட்டார்கள். இரண்டு பிரதியையும் பார், சாரத்தை எடு. 1986ல் அரசு தன் நிலங்களையும் காடுகளையும் பொதுத்துறைக் கம்பெனிகளுக்கு மாற்றச் சட்டம் கொண்டுவந்தபோது, இந்தக் கோட்பாடுகளுக்கு விரோதமாக அரசு எதையும் செய்யக்கூடாது என்று ஒரு வரி அதில் சேர்ந்தது. மாவோரி கவுன்சில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது. 1987ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: இது கூட்டாளிகளுக்கு இடையிலான உறவு மாதிரி. இருவரும் உச்சபட்ச நேர்மையோடு நடந்துகொள்ளவேண்டும். உச்சபட்ச நேர்மை! இதுவும் எனக்குப் பழைய பாடம்தான். இன்ஷூரன்ஸ் பாடத்தில் வரும். ஒன்றையும் மறைக்கக்கூடாது என்று அர்த்தம்.

பூஜ்யம் என்று சொல்லப்பட்ட காகிதம் 110 வருஷத்தில் கூட்டாண்மைப் பத்திரமாகிவிட்டது. அதே 1987ல் மாவோரி ஆட்சிமொழியானது. மொழியும் தவோங்கா அல்லவா? 1995ல் வைக்காட்டோ மக்களுக்கு 17 கோடி டாலர் இழப்பீடும் மன்னிப்பும். அந்தச் சட்டத்தில் எலிசபெத் ராணி நேரில் வந்து கையெழுத்திட்டார். விக்டோரியாவின் கொள்ளுப்பேரன் மகள். 1998ல் தெற்குத் தீவின் ங்காய் டாஹு மக்களுக்கும் 17 கோடி. இழந்ததோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சில்லறை. ஆனாலும் அவர்கள் அதை முதலீடு செய்து பெருக்கினார்கள். 2017ல் வாங்கானுயி ஆற்றையே ஒரு 'நபர்' என்று அங்கீகரித்தார்கள். அதன் சார்பில் பேச இரண்டு பேர்.

2014ல் ட்ரிப்யூனல் ஒரு குண்டு போட்டது. 1840 பிப்ரவரியில் கையெழுத்திட்ட வடபகுதித் தலைவர்கள் தங்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்றது. அரசாங்கம் இன்று ஆள்வது செல்லாது என்று அர்த்தமில்லை, அன்று அவர்கள் எதற்குச் சம்மதித்தார்கள் என்று மட்டும்தான் சொல்கிறோம் என்று விளக்கமும் கொடுத்தது. கொலன்ஸோவின் கேள்விக்கு அதிகாரபூர்வமான பதில் வர 174 வருஷம்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. தாத்தாவுக்குத் தாத்தா செய்ததற்கு நான் ஏன் பொறுப்பு? ஜனநாயகத்தில் எல்லோருக்கும் ஒரே உரிமைதானே? நீதிபதிகள் யார் கோட்பாடு வகுக்க? கேள்விகள் நியாயமாகத்தான் ஒலிக்கின்றன. ஆனால் தாத்தாவுக்குத் தாத்தா வாங்கிய நிலம் மட்டும் இன்றும் கைவசம் இருக்கிறதே. சொத்து வேண்டும், அதன் மேல் இருக்கிற கடன் வேண்டாம் என்றால் எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

ஆக்ட் கட்சியின் டேவிட் சீமோர் 2024 நவம்பரில் ஒரு மசோதா கொண்டுவந்தார். கோட்பாடுகள் இன்னவை என்று பார்லிமென்டே வரையறுத்துவிடலாம், எல்லோரும் சமம் என்று எழுதிவிடலாம் என்றது அது. ஓட்டெடுப்பு நடக்கும்போது ஹானா ராவிட்டி மைப்பி கிளார்க் என்ற 22 வயது எம்.பி. மசோதாவின் நகலை இரண்டாகக் கிழித்துவிட்டு 'ஹாகா' ஆட ஆரம்பித்தார். கேலரியே சேர்ந்துகொண்டது. சபாநாயகர் சபையை நிறுத்திவைத்தார். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் நாள், போலீஸ் கணக்குப்படியே 42,000 பேர் பார்லிமென்ட் முன் திரண்டார்கள். 2025 ஏப்ரல் 10ம் தேதி, 112க்கு 11 என்ற கணக்கில் மசோதா தோற்றது. ஹாகா ஆடிய பெண்ணுக்கு ஜூன் மாதம் ஏழு நாள் சஸ்பென்ஷன்.

இதற்கெல்லாம் ஒரு வருஷம் முந்தி நடந்த இன்னொன்றைச் சொல்லவேண்டும். நம் ஊர் எழுத்துப் பதித்த மணி இருக்கிறதே, அந்தத் தெ பாப்பா அருங்காட்சியகத்தில், ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகளையும் ஆளுயரத்துக்கும் மேலே பெரிய பலகைகளாக எதிரும் புதிருமாக வைத்திருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒன்று இன்னொன்றின் மொழிபெயர்ப்பு என்றுதானே தோன்றும்? அப்படி இல்லை, அதை எடுங்கள் என்று சிலர் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் ஒருநாள், அவர்களில் ஒருவர் கயிறு கட்டி மேலிருந்து இறங்கினார். கையில் கறுப்பு பெயிண்ட். ஆங்கிலப் பலகையின் வரிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார். மாவோரிப் பலகையை அவர் தொடவில்லை.